யாருக்கு எழுதுவது? பிரதிநிதிக்குப் போகும் கடிதங்களும் மலேசியத் தமிழரும்

தன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒருவர் கடிதம் எழுதுகிறார். அதை உறுப்பினர் என்னவென்று எடுத்துக்கொள்வது? அனுப்பிவைத்தவர் இட்ட கட்டளை என்றா? கீழிருந்து மேலே போகும் விண்ணப்பம் என்றா? போட்ட வாக்குக்குக் கணக்குக் கேட்கும் சீட்டு என்றா? இல்லை, அரசாங்கக் கோப்புகளில் ஏறாத ஒரு நிலவரத்தைச் சொல்லும் சாட்சியம் என்றா? இருநூற்றைம்பது ஆண்டுகளாக அரசியல்வாதிகளும் அறிஞர்களும் இதற்கு விடை சொல்லி வருகிறார்கள். விடைகள் பெரும்பாலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிறந்தவை. மலேசியத் தமிழரின் அனுபவத்தோடு அவற்றை உரசிப் பார்த்தவர்கள் குறைவு.

உரசிப் பார்க்க கெப்பாலா பத்தாஸ் நல்ல இடம். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், கெடா எல்லையை ஒட்டிய தொகுதி இது. பினாகா, பெர்தாம், பினாங் துங்கால் ஆகிய மூன்று சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது. 1978 முதல் 2013 வரை, 35 ஆண்டுகள், துன் அப்துல்லா அகமட் படாவி இதன் உறுப்பினராக இருந்தார். அதில் 2003 அக்டோபர் முதல் 2009 ஏப்ரல் வரை அவர் நாட்டின் பிரதமர். அந்த ஆண்டுகளில் இத்தொகுதி வாக்காளர் ஒருவர் எழுதிய கடிதம் உறுப்பினருக்கும் பிரதமருக்கும் ஒரே உறையில் போனது. வாக்காளரில் மலாய்க்காரர் பெரும்பான்மையர். தமிழர் சிறு எண்ணிக்கையினர். வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் அளவுக்கு எண்ணிக்கை இல்லாதவர்கள் பிரதிநிதிக்கு எழுதும்போது அந்தக் காகிதம் என்ன வேலை செய்கிறது என்பது இங்கே வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல.

கட்டளை என்னும் வாதம்

விவாதத்தின் தொடக்கமாகப் பெரும்பாலோர் காட்டுவது 1774 நவம்பர் 3-ஆம் தேதியை. பிரிஸ்டல் நகரில் வென்ற எட்மண்ட் பர்க், தொகுதி மக்களின் விருப்பத்துக்குப் பெரிய மதிப்பு உண்டு, ஆனால் உறுப்பினர் தன் சொந்தத் தீர்ப்பை அவர்களிடம் அடகு வைக்கக் கூடாது என்று அன்று பேசினார். அவரோடு அதே ஊரில் வென்ற மற்றொருவர் நியூயார்க்கில் பிறந்த ஹென்றி குரூகர். தொகுதி சொல்வதற்கு உறுப்பினர் கட்டுப்பட்டவர் என்பது அவர் நிலை. இரண்டு நிலைகளும் ஒரே மேடையில் பிறந்தன என்பதை நம் பாடநூல்கள் மறந்துவிட்டன. பர்க் பெயரை அவையில் உச்சரிக்கும் உறுப்பினர்கள், 1780-இல் அவர் அந்தத் தொகுதியில் ஆதரவிழந்து போட்டியிலிருந்து விலக நேர்ந்ததையும் சேர்த்துச் சொல்வதில்லை.

அமெரிக்கக் குடியரசு தன் முதல் பேரவையிலேயே இந்தக் கேள்வியை வாக்கெடுப்புக்கு விட்டது. 1789 ஆகஸ்டில் அடிப்படை உரிமைகள் பற்றிய திருத்தங்கள் விவாதிக்கப்பட்டபோது, பிரதிநிதிகளுக்குக் கட்டளையிடும் உரிமையை மக்களுக்குத் தர வேண்டும் என்று தென் கரோலினாவின் தாமஸ் டியூடர் டக்கர் முன்மொழிந்தார். 41-க்கு 10 என்று அது தோற்றது. எதிர்த்தவர்கள் கடிதங்களை எதிர்க்கவில்லை. மக்கள் தங்கள் கருத்தைத் தாராளமாகத் தெரிவிக்கலாம், அந்தக் கருத்து உறுப்பினரைக் கட்டுப்படுத்தாது என்பதே ஜேம்ஸ் மேடிசன் போன்றோரின் வாதம். ஆனாலும் கட்டளைக் கொள்கை செத்துவிடவில்லை. மாநிலச் சட்டமன்றங்கள் தாங்கள் தேர்ந்தெடுத்த செனட்டர்களுக்குப் பல ஆண்டுகள் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்தன. வர்ஜீனியாவின் கட்டளைக்குப் பணிய மனமில்லாமல் ஜான் டைலர் 1836-இல் செனட் பதவியைத் துறந்தார்.

கட்டளைவாதத்தின் பலவீனம் வெளிப்படையானது. தொகுதி ஒரே வாயால் பேசுவதில்லை. எழுதத் தெரிந்தவர், நேரம் உள்ளவர், கோபம் உள்ளவர் எழுதுகிறார், மற்றவர் எழுதுவதில்லை. வந்த கடிதங்களை எண்ணி அதையே தொகுதியின் குரல் என்று கொண்டால், எழுதாதவர் கணக்கில் வராமல் போவார். ஆனால் மறுதரப்பின் பலவீனமும் சிறிதல்ல. 1816-இல் பேரவை உறுப்பினர்கள் தங்களுக்கு நாளொன்றுக்கு 6 டாலர் என்றிருந்த படியை ஆண்டுக்கு 1,500 டாலர் சம்பளமாக மாற்றிக்கொண்டார்கள். கூட்டங்களும் தீர்மானங்களும் கடிதங்களும் நாடெங்கும் கிளம்பின. அடுத்த தேர்தலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் அவைக்குத் திரும்பவில்லை. சட்டம் மறு ஆண்டே நீக்கப்பட்டது. சட்டப்படி கட்டுப்படுத்தாத கருத்து நடைமுறையில் நன்றாகவே கட்டுப்படுத்தியது. 1789-இன் வாக்கெடுப்பை மட்டும் வைத்துப் பேசுபவர்கள் 1816-ஐயும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அக்கடிதங்கள் எந்த வழியில் போயின என்பதும் முக்கியம். உறுப்பினர்கள் தபால் கட்டணமில்லாமல் கடிதம் அனுப்பவும் பெறவும் 1792-இன் அஞ்சல் சட்டம் வசதி செய்தது. அதைப் பயன்படுத்தி உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக்கு அச்சிட்ட சுற்றறிக்கைகளை அனுப்பினார்கள். 1789 முதல் 1829 வரையிலான அத்தகைய சுற்றறிக்கைகளை நோபிள் கன்னிங்காம் 1978-இல் மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். அவற்றில் தென் மாநிலங்கள், மேற்கு மாநிலங்களின் குரலே மிகுதி. 1797-இல் வர்ஜீனிய உறுப்பினர் சாமுவேல் கேபெல் எழுதிய சுற்றறிக்கை அரசின்மீது அவதூறு பரப்புகிறது என்று ரிச்மண்டில் கூடிய கூட்டரசு ஜூரிக் குழு கண்டித்தது. உறுப்பினருக்கும் தொகுதிக்கும் இடையிலான எழுத்தில் வேறொருவர் கைவைக்கலாமா என்பது அப்போதே பெரிய சண்டையாகிவிட்டது. துணை அதிபராக இருந்த ஜெபர்சனே ஒளிந்திருந்து எதிர்ப்பு மனு எழுதிக் கொடுத்தார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சாகிப் பல பிரதிகள் ஆனதால் பிழைத்தவை உறுப்பினர் எழுதியவை. மக்கள் எழுதியவை ஒற்றைப் பிரதிகள். சிதறிப்போகும் வாய்ப்பு அவற்றுக்கே அதிகம். அந்தக் காலத்து உறவைப் பற்றி நாம் சொல்வதில் கணிசமான பகுதி ஒரு தரப்புச் சான்றை நம்பி நிற்கிறது.

வாக்கில்லாதவரின் மனு

இரண்டாவது விடை, கடிதத்தை மனுவின் வம்சத்தில் வைக்கிறது. அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் (1791) குறைதீர்க்கக் கோரி அரசிடம் மனுச் செய்யும் உரிமையை எழுத்தில் வைத்தது. மனுவுக்கு வாக்குரிமை தேவையில்லை என்பதுதான் இந்த விடையின் வலு. 1790 பிப்ரவரியில் அடிமை முறைக்கு எதிராக பெஞ்சமின் பிராங்கிளின் கையெழுத்திட்ட மனு பேரவைக்கு வந்தது. 1800 ஜனவரியில் பிலடெல்பியாவின் சுதந்திரக் கறுப்பின மக்கள் அனுப்பிய மனுவை அவை விவாதித்து, அதற்கு ஊக்கம் தரலாகாது என்று 85-க்கு 1 என்ற கணக்கில் தீர்மானித்தது. அந்த ஒற்றை எதிர்வாக்கு மாசசூசெட்ஸின் ஜார்ஜ் தாட்சருடையது. 1836 முதல் 1844 வரை அடிமை முறை பற்றிய மனுக்களை எடுத்துப் பேசாமலே ஒதுக்கும் விதி ஒன்று அவையில் நிலவியது. முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் எட்டு ஆண்டுகள் போராடி அதை நீக்கவைத்தார். இந்த மனுக்கள் உடனடியாகத் தோற்றாலும், மனுவைச் சுற்றி ஆட்களைத் திரட்டும் பழக்கமே ஜனநாயகத்தை விரித்தது என்கிறார் டேனியல் கார்பெண்டர் (2021).

தமிழருக்கு இந்த மரபு புதிதல்ல. காஜுலு லட்சுமிநரசு செட்டியார் தலைமையில் இயங்கிய சென்னை சுதேசிகள் சங்கம் 1852-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. வரி வசூலுக்காக ரயத்துகளைச் சித்திரவதை செய்வது அதில் ஒரு புகார். அந்த நாடாளுமன்றத்தில் சென்னைக்கு ஒரு பிரதிநிதியும் கிடையாது. இங்கிலாந்தின் பூல் தொகுதி உறுப்பினர் டான்பி சேமூர் 1853-இல் நேரில் வந்து பார்த்துச் சென்றார். அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட சித்திரவதை விசாரணைக் குழு 1855-இல் அறிக்கை தந்தது. தனக்கு வாக்களிக்காத மக்களுக்காகத் தொலைதூரத் தொகுதி உறுப்பினர் ஒருவர் பேசினார் என்பதைப் பின்னால் வேறொரு இடத்தில் பயன்படுத்திக்கொள்வோம்.

மனுவாதத்தின் குறை அதன் தோரணையிலேயே இருக்கிறது. மனுச் செய்பவர் குனிந்து நிற்கிறார். கேட்பது உரிமை, கொடுப்பது தயவு என்ற ஏற்பாட்டில் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 10-ஆவது பிரிவு பேச்சு, கூட்டம், சங்கம் ஆகிய சுதந்திரங்களைக் கூறுகிறது. மனுச் செய்வதைத் தனி உரிமையாகப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. மக்களவைக்கு மனுச் சமர்ப்பிக்க அவையின் நிலைக் கட்டளைகளில் இடம் உண்டு. ஆனால் நம்மவர் மகஜர் கொடுப்பது அவைக்குள் அல்ல, பெரும்பாலும் வாசலில். வாங்கிக்கொள்பவர் பெரும்பாலும் ஓர் அந்தரங்கச் செயலாளர்.

தோட்டத்திலிருந்து போன காகிதங்கள்

மலாயாத் தமிழருக்குப் பிரதிநிதி வருவதற்கு வெகுகாலம் முன்பே மனு வந்துவிட்டது. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே தமிழர் கொண்டுவரப்பட்டனர். 1867 ஏப்ரல் 1-இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திடமிருந்து லண்டன் குடியேற்ற நாட்டு அலுவலகத்துக்கு மாறின. அதனால் இந்தியாவிலிருந்து ஆள் அனுப்புவதே சட்டப்படி கேள்விக்குள்ளாகி, 1872-இல்தான் அது சரிசெய்யப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிந்தது. கங்காணி முறை தொடர்ந்தது. 1922-இன் இந்தியக் குடியேற்றச் சட்டத்தைத் தொடர்ந்து இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் கோலாலம்பூரில் அமர்ந்தார். தோட்டங்களைப் பார்வையிடுவது, புகார் வாங்குவது, ஆண்டறிக்கை எழுதுவது அவர் வேலை. அவரை எந்தத் தொழிலாளரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்கு மலாயாவில் சட்டமியற்றும் அதிகாரமும் இல்லை. ஆனாலும் சம்பளக் குறைப்பு, அடி உதை, பற்றுச்சீட்டுத் தகராறு, லயத்திலிருந்து வெளியேற்றம் என்று எல்லாம் அவருக்குப் போயின. நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமன்றத்தில் நியமன இந்திய உறுப்பினர்களும் இருந்தார்கள். 1920-களில் பினாங்கு வழக்கறிஞர் பி. கே. நம்பியார் அவர்களில் ஒருவர். தோட்டத்து மனிதருக்கு நியமன உறுப்பினரைவிட ஏஜெண்டே எட்டும் தூரத்தில் தெரிந்தார்.

அத்தகைய மனுவின் உடற்கூற்றைப் பார்ப்பது பயனுள்ளது. எழுதியவர் பெரும்பாலும் தொழிலாளர் அல்ல. தோட்டத்துப் பள்ளி வாத்தியார், மனமிரங்கிய ஒரு கிராணி (தோட்டக் கணக்கர்), அல்லது பட்டணத்தில் கோர்ட்டு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மனு எழுத்தர். தொடக்கத்தில் நீண்ட விளி. சமூகத்துக்குத் தாழ்மையுடன் என்று ஒரு வணக்கம். நடுவில் மொழி மாறும். இத்தனை தேதி பெரட்டில் (காலை ஆள்கணக்கெடுப்பில்) பேர் போடவில்லை, இன்ன தண்டல் அடித்தார், இத்தனை வெள்ளி பிடித்தார்கள் என்று பெயரும் தேதியும் தொகையும் வரும். கடைசியில் மறுபடி தாழ்மை. அதன் கீழே பெருவிரல் ரேகைகள். முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் எழுத்தருடையவை, நடுப்பகுதி தொழிலாளருடையது என்று பிரிப்பது ஆசையைத் தூண்டும் வாசிப்பு. அப்படி அவ்வளவு எளிதாகப் பிரிக்கலாமா என்பதில் சந்தேகம் உண்டு. குறை எதுவென்று தேர்வதே எழுத்தரின் கையில் இருந்திருக்கலாம். அடியை எழுதச் சம்மதித்தவர், கிராணி தானே செய்த பற்றுச்சீட்டு மோசடியை எழுதாமல் விட்டிருக்கலாம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. கிடைப்பவை பெரும்பாலும் அரசாங்கத்தின் கோப்புக்குள் போனவை. காலனி அதிகாரி மனுவைக் கோப்பில் கட்டினார், ஓரத்தில் குறிப்பு எழுதினார், எண் போட்டார். கருணையால் அல்ல, நிர்வாகப் பழக்கத்தால். சிலாங்கூர் செயலகக் கோப்புகள் போன்றவை இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தில் படிக்கக் கிடைப்பதற்கு அந்தப் பழக்கமே காரணம். வாக்குரிமை இல்லாத கூலியின் குரலைத் தேடிப் போகிற ஆய்வாளருக்கு ஒரு தாளாவது கிடைக்க வழி உண்டு. வாக்குரிமை பெற்ற அவர் பேரன் தன் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதிய கடிதத்தைத் தேடிப் போனால் வழி அவ்வளவு நேராக இல்லை. உறுப்பினரின் காகிதங்கள் அவருடைய சொந்தப் பொருள் என்ற வழக்கம் அமெரிக்காவிலும் உண்டு. ஆனால் அங்கே அவற்றைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கமும் கூடவே வளர்ந்தது.

1936-37-இல் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து தோட்ட நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1938-இல் இந்தியா உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, மனுவின் காலம் முடிந்தது போலத் தோன்றியது. உண்மையில் பாதைதான் மாறியது. 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.), 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், 1955 ஜூலையில் முதல் கூட்டரசுத் தேர்தல். இனிப் புகார் கிளைத் தலைவர் வழியாகப் போகும்; அவர் மாநிலத் தலைவரிடம் சொல்வார்; அவர் அமைச்சரிடம் சொல்வார். எழுதுவது குறைந்து சொல்லி அனுப்புவது கூடியது. ஆராய்ச்சியாளருக்கு இது பெரிய நட்டம். தோட்டத்து மக்களுக்கும் சிறிய நட்டம் அல்ல. வாய்வழிப் போன குறைக்கு எண் கிடையாது, தேதி கிடையாது.

சேவை மையமும் சாக்கடையும்

மூன்றாவது விடை அதிகம் ஏமாற்றமடைந்தவர்களுடையது: கடிதம் என்பது கொடுக்கல் வாங்கல். வாக்காளர் உதவி கேட்கிறார், உறுப்பினர் உதவுகிறார், தேர்தலில் கணக்குத் தீர்கிறது. ஜேம்ஸ் ஸ்காட் 1978-80-இல் மூடா நதிக்கு அப்பால் கெடாவின் நெல்வயல் கிராமம் ஒன்றில் தங்கி எழுதிய ஆய்வில், கிராம மேம்பாட்டு நிதியின் பலகையும் தகரமும் ஆளுங்கட்சி ஆதரவாளர் வீடுகளுக்கே போய்ச் சேர்ந்ததைக் காட்டினார். மெரடித் வைஸ் 2020-இல் எழுதிய நூலில் இன்னும் சங்கடமான ஒன்றைச் சொல்கிறார்: ஆளுங்கட்சி மட்டும் அல்ல, எதிர்க்கட்சி உறுப்பினரும் சேவை மையம் திறந்து இதே வேலையைச் செய்வதால், ஆட்சி மாறினாலும் எதிர்பார்ப்பு மாறுவதில்லை.

இந்த விடை பெரும்பாலும் சரி. ஆனால் குற்றத்தை வாக்காளரின் மனப்பாங்கில் வைப்பவர்கள் ஒரு நிறுவன வரலாற்றைத் தவறவிடுகிறார்கள். மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில்தான் நடந்தது. 1957-இல் அது மாநகரமானது. அதன் தொடக்ககால மேயர்களில் ஒருவர் தொழிற்கட்சியின் டி. எஸ். ராமநாதன். செபராங் பிறையின் ஊர்ப்புறங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட மன்றங்கள் இருந்தன. 1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 1968-இல் தந்த அறிக்கை, தேர்தல் வழி ஊராட்சி தொடர வேண்டும் என்றது. அரசு ஏற்கவில்லை. 1976-இன் ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநாட்டியது. பினாங்கு மாநிலம் 2012-இல் மீண்டும் தேர்தல் நடத்தச் சட்டமியற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த முயற்சியை முடித்துவைத்தது. 2019 செப்டம்பரில் செபராங் பிறை மாநகராட்சி ஆனது. மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை.

விளைவு என்ன? அடைத்த சாக்கடை, அணைந்த தெருவிளக்கு, குப்பை லாரி ஆகியவற்றைப் பற்றி எழுத, வாக்கால் கட்டுப்பட்ட ஆள் கீழ்மட்டத்தில் இல்லை. அதனால் கடிதம் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் போகிறது. ஒய்.பி. (மாண்புமிகு உறுப்பினர்) தேசியச் சட்டம் செய்யாமல் சாக்கடை பார்க்கிறார் என்று பத்திரிகையில் கேலி வருகிறது. எழுதியவர் முட்டாள் அல்ல. தேர்ந்தெடுத்த ஆட்களில் தனக்குத் தெரிந்த கடைசிப் படிக்கு எழுதுகிறார். ஆரம்ப கால அமெரிக்கப் பேரவைக்கு வந்த மனுக்களிலும் தபால் பாதை வேண்டும், போர் ஓய்வூதியம் வேண்டும், நிலப்பத்திரம் வேண்டும் என்பவையே ஏராளம். அன்றைய ஊர்வாசிக்குக் கூட்டரசின் முகம் தபால் நிலையம். அந்தக் கடிதங்களைக் குடியரசின் இளமை என்று புகழ்ந்துவிட்டு, நம் கடிதங்களை மட்டும் ‘சலுகை அரசியல்’ என்று இறக்குவது ஒருதலைப்பட்சம்.

இன்றைய கடிதம் ஒன்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். தமிழ்ப்பள்ளிக் கட்டடத்துக்கோ ஆலய நிலத்துக்கோ எழுதப்படும் கடிதம் பெரும்பாலும் மலாயில் இருக்கும்; தலைப்புத் தடித்த எழுத்தில்; ‘மேற்கண்ட விஷயம் தொடர்பாக’ என்னும் பொருளில் வழக்கமான தொடக்கம். கீழே, கையெழுத்துக்கும் கீழே, நகல் யாருக்கு என்ற பட்டியல். நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், ஆட்சிக்குழு உறுப்பினர், மாவட்ட அதிகாரி, ஒரு கட்சித் தலைவர், ஒரு தமிழ் நாளிதழ். கடிதத்தின் உண்மையான அரசியல் சிந்தனை அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. முகவரியிட்டவர் ஒருவர், நம்பிக்கை வைத்தவர் வேறொருவர். பதில் வந்தால் அதில் ‘எங்கள் கோப்பு எண்’ ஒன்று இருக்கும், ‘நாட்டுக்குச் சேவை’ என்னும் அரசாங்க முழக்கம் இருக்கும், கடிதம் கிடைத்தது என்ற செய்தி இருக்கும். பலருக்கு அதோடு சரி.

தொகுதிக்கு வெளியே எழுதுவது

நான்காவது விடை அண்மைக்கால அறிஞர்களுடையது. தொகுதி எல்லைக்குள் தனக்குப் பிரதிநிதி இல்லை என்று உணர்பவர், வேறு தொகுதியில் வென்ற ஒருவரைத் தன் பிரதிநிதியாகப் பாவிக்கிறார் என்று ஜேன் மேன்ஸ்பிரிட்ஜ் 2003-இல் எழுதினார். கெப்பாலா பத்தாஸ் தமிழருக்கு இது விளங்கச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிருந்து ம.இ.கா. தலைவருக்கும், 2008-க்குப் பிறகு துணை முதல்வரான பி. ராமசாமி போன்றோருக்கும் எழுதுவது இயல்பான காரியமாக இருந்தது. டான்பி சேமூர் சென்னைக்குச் செய்தது இதுதான்.

எந்த அளவுக்கு வெளியே எழுதலாம் என்பதன் உச்சத்தை 2007 காட்டியது. அவ்வாண்டு ஆகஸ்டில் இந்து உரிமைகளுக்காக இயங்கிய ஹிண்ட்ராஃப் அமைப்பு 18 கோரிக்கைகளைப் பிரதமர் அப்துல்லாவிடம் வைத்தது. நவம்பர் 25-ஆம் தேதி, சுமார் ஒரு லட்சம் கையெழுத்துகள் கொண்ட மனுவை பிரிட்டிஷ் அரசியாரிடம் சேர்ப்பிக்க, கோலாலம்பூரில் பிரிட்டிஷ் தூதரகத்தை நோக்கிப் பல்லாயிரவர் திரண்டனர். கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் கூட்டத்தைக் கலைத்தன. ஐம்பது ஆண்டு வாக்குரிமைக்குப் பிறகு, பழைய எஜமானருக்கு மனு! இதைப் பின்னோக்கிய அரசியல் என்று கண்டித்தவர்களும், உலகக் கவனத்தை இழுத்த நாடகத் திறன் என்று மெச்சியவர்களும் உண்டு. இரண்டு வாசிப்பும் ஒன்றை விட்டுவிடுகின்றன. முதலில் எழுதியது நாட்டின் பிரதமருக்கு. அங்கே நடக்காததுதான் லண்டனுக்குத் திரும்பியது. ‘எனக்காக அல்ல, என்னோடு உழையுங்கள்’ என்று பதவியேற்றபோது கேட்ட பிரதமர் அவர். 2008 மார்ச் தேர்தலில் அவர் கெப்பாலா பத்தாஸில் வென்றார். நாடாளுமன்றத்தில் அவர் தலைமையிலான தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. பினாங்கு மாநில ஆட்சியும் போயிற்று.

ஆனால் இனவழி மாற்றுப் பிரதிநிதி என்ற விடைக்கும் ஓட்டை உண்டு. அடுத்த ஆண்டே அது வெளிப்பட்டது. குளுகோர் அருகே கம்போங் புவா பாலா என்ற பழைய தமிழ்க் கிராமத்தின் நிலம் முந்தைய ஆட்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குக் கைமாறியிருந்தது. புதிய ஆட்சியில், தமிழர் ஒருவர் துணை முதல்வராக இருக்கையில், 2009-இல் கிராமம் இடிக்கப்பட்டது. பழைய ஆட்சி விற்றது என்று ஒரு தரப்பு, புதிய ஆட்சி தடுக்கவில்லை என்று மறுதரப்பு. வேண்டிய எல்லோருக்கும் வேண்டுகோள் போயிற்று. பொறுப்பு மட்டும் யாரிடமும் தங்கவில்லை. எழுதியவருக்கு வாக்கால் கட்டுப்படாத பிரதிநிதி, நல்ல எண்ணம் இருந்தாலும், கைகழுவ முடிகிறவர்.

முடியாமல் நிற்பவை

நான்கு விடைகளில் எதையும் முழுதாகத் தள்ள முடியவில்லை. எதுவும் தனியே போதவும் இல்லை. இவை எல்லாம் கடிதத்தின் தன்மையை எழுதுகிறவர் பக்கத்தில் தேடுகின்றன: அவர் கட்டளையிடுகிறாரா, கெஞ்சுகிறாரா, பேரம் பேசுகிறாரா. மலாயா அனுபவம் பெறுகிறவர் பக்கம் பார்க்கச் சொல்கிறது. ஒரே ஆள், ஒரே குறை, ஒரே தாழ்மையான மொழி. ஏஜெண்டுக்குப் போனால் அறிக்கையில் ஒரு வரியாகலாம், கிளைத் தலைவருக்குப் போனால் காற்றோடு போகலாம். பதில் சொல்லக் கடமைப்பட்டவரா, அந்தக் கடமை எழுத்தில் பதிகிறதா என்பதே பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதாகத் தெரிகிறது. இதை முடிந்த முடிவாகச் சொல்வதற்கில்லை. பதிவு கூடினால் நீதி கூடும் என்று வரலாறு உறுதி தரவில்லை. காலனிக் கோப்புகளில் எண்ணிடப்பட்டு உறங்கிப்போன மனுக்களும் ஏராளம்.

சிறுபான்மை வாக்காளரின் கடிதத்துக்குத் தொகுதி உறுப்பினர் தரும் எடை, கட்சி மாறும்போது மாறுகிறதா என்பது திறந்த கேள்வி. கெப்பாலா பத்தாஸ் 2013 முதல் 2022 வரை அம்னோவின் ரீசால் மெரிக்கானிடமும், அதன் பின் பாஸ் கட்சியின் டாக்டர் சித்தி மஸ்துராவிடமும் இருந்துவருகிறது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான தொகுதி கிடைப்பது அரிது. வாட்ஸ்அப்பில் போகும் படமும் குரல்பதிவும் கடிதக் கணக்கில் சேருமா என்பது இன்னொன்று. அது வேகமானது, பதிலும் சில நேரம் ஒரு மணி நேரத்தில் வருகிறது. ஆனால் உறுப்பினர் கைப்பேசியை மாற்றினால் தொகுதியின் நினைவே போய்விடும்.

இந்தக் கேள்விகளுக்கு ஆய்வாளர் மட்டும் விடை தேட முடியாது. செபராங் பிறையின் ஆலய நிர்வாகங்களிடமும், தமிழ்ப்பள்ளி வாரியங்களிடமும், ஓய்வுபெற்ற கிளைத் தலைவர் வீடுகளிலும் பழைய மகஜர்களின் நகல்கள் கோப்புகளில் கிடக்கின்றன. வீடு மாறும்போதும் நிர்வாகம் மாறும்போதும் அவைதான் முதலில் குப்பைக்குப் போகின்றன. அவற்றைத் தேசிய ஆவணக் காப்பகத்திடமோ, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிடமோ ஒப்படையுங்கள். பதில் கடிதம் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.